யசோதரபுரத்தின் நான்கு பக்கங்கள்: கோலுபேவின் சதுரம் பற்றிய ஒரு மறுவாசிப்பு

அங்கோரின் முதல் தலைநகரைப் பற்றி எழுதப்பட்ட நூல்களில் ஒரு வரைபடம் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகத் திரும்பத் திரும்ப அச்சானது. நடுவே ப்னோம் பாக்கெங் குன்று. அதைச் சுற்றிப் பக்கத்துக்கு நான்கு கிலோமீட்டர் கொண்ட சதுர அகழி. 889இல் அரியணை ஏறிய யசோவர்மன் அமைத்த யசோதரபுரம் இதுதான் என்பது விளக்கம். இந்தச் சதுரத்தை வரைந்தவர் விக்தர் கோலுபேவ். பிரெஞ்சு தூரக்கிழக்குப் பள்ளியின் ஆய்விதழில் 1933இல் வெளியான அவருடைய கட்டுரை, வான்வழி ஒளிப்படத்தைத் தொல்லியலுக்குப் பயன்படுத்திய தொடக்கக்கால முயற்சிகளுள் தலையாயது. இங்கிலாந்தில் கிராஃபோர்டும் சிரியாவில் புவாதபாரும் செய்துகொண்டிருந்த பணியை வெப்பமண்டலக் காட்டில் செய்து காட்டியவர் அவர். அந்தப் பெருமையில் எனக்கு ஐயமில்லை. அவர் வரைந்த நான்கு கோடுகளில் எத்தனை வானிலிருந்து தெரிந்தவை, எத்தனை மேசையில் பிறந்தவை என்பதே என் கேள்வி.

அவர் முன்னிருந்த சிக்கலை முதலில் சொல்ல வேண்டும். அங்கோர் தோமின் நடுவிலுள்ள பாயோன் கோயிலை யசோவர்மன் கட்டினான் என்றே ஏமொனியே முதலிய முந்தைய ஆய்வாளர்கள் நம்பினர். 1927இல் பிலிப் ஸ்தேர்ன் சிற்ப நடையின் வளர்ச்சியை வைத்து அந்தக் கோயில் அவ்வளவு பழையதாக இருக்க முடியாது என்று காட்டினார். அடுத்த ஆண்டே ஜார்ஜ் செதெஸ் கல்வெட்டுகளின் துணையோடு அதை ஏழாம் ஜெயவர்மன் காலத்துக்கு, அதாவது 12ஆம் நூற்றாண்டின் இறுதிக்குக் கொண்டுவந்தார். மூன்று நூற்றாண்டுகள் ஒரே எட்டில் நகர்ந்தன. யசோவர்மனின் நகருக்கு நடு இல்லாமல் போயிற்று. ஸ்தேர்ன் பிமியானகாஸ் கோயிலைச் சுட்டினார். கோலுபேவ் பாக்கெங்கைச் சுட்டினார். அதில் அவர் சொன்னதே நிலைத்தது. குன்றின் உச்சியிலுள்ள ஐந்தடுக்குக் கோயிலும், அடிவாரத்தைச் சூழ்ந்து ஏறத்தாழ 650 மீட்டர் நீளமும் 440 மீட்டர் அகலமுமாக அமைந்த அகழியும், சுற்றுவட்டத்தில் வரிசைப்பட்டுக் கிடக்கும் குளங்களும், குன்றை நோக்கிச் செல்லும் பாதைகளின் தடங்களும் அதற்குச் சான்று.

குன்றைக் கண்டுகொண்ட பிறகு அவர் எடுத்துவைத்த அடுத்த அடியில்தான் வழுக்கல் இருக்கிறது. பாக்கெங்குக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 200 மீட்டர் இடைவெளியில் இணையாக ஓடும் இரண்டு மண்கரைகள் உள்ளன. மேற்கில் வடக்கு தெற்காகவும் தெற்கில் கிழக்கு மேற்காகவும் சென்று மூலையில் செங்கோணமாக இவை மடிகின்றன. தரையில் நின்று பார்ப்பவருக்கு இவை வயலுக்கு நடுவே உயர்ந்த மேடுகள், அவ்வளவே. மேலிருந்து பார்த்தால் வரப்புகளே அவற்றைக் காட்டிக்கொடுத்துவிடும்: இரு கரைகளுக்கும் இடையிலுள்ள தாழ்ந்த நிலத்தில் நெல்வயல்கள் நீளவாக்கில் ஒழுங்காக அடுக்கியிருக்கும், வெளியே அந்த ஒழுங்கு இருக்காது. இரு கரைகளையும் ஒரே அகழியின் இரு ஓரங்களாக வாசித்தது கோலுபேவின் கூர்மை. ஆனால் அந்த அகழியை ஒரு சதுரத்தின் இரண்டு பக்கங்களாகவும் உடனே வாசித்துவிட்டார். மீதி இரண்டு பக்கங்கள்? கிழக்கே சியம் ரீப் ஆற்றையே எல்லையாகக் கொண்டார். வடக்கே பாக்கெங்கிலிருந்து இரண்டு கிலோமீட்டர் அளந்தால் கோடு அங்கோர் தோமுக்குள் புகுந்து பாயோனை ஒட்டி விழுகிறது. அங்கே பிற்காலக் கட்டுமானங்கள் பழையதை அழித்துவிட்டன என்று கொள்ள வேண்டியதாயிற்று. தென்கிழக்கு மூலையிலோ பின்னாளில் அங்கோர் வாட் வந்து உட்கார்ந்துவிட்டது. ஆக, சதுரத்தின் எந்தப் பகுதி காணவில்லையோ அங்கெல்லாம் காணாமைக்கு ஒரு காரணமும் தயாராக இருந்தது. தோற்கவே முடியாத கருதுகோள் இது. ஆய்வில் அத்தகைய கருதுகோளைக் கண்டால் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

இதில் ஒளிப்படத்தின் இயல்பும் சேர்ந்துகொள்கிறது. திறந்த வயல்வெளியில் ஒளிப்படம் பேசும். மரம் அடர்ந்த இடத்தில் ஊமையாகிவிடும். சதுரத்தின் தெற்கும் மேற்கும் வயல். வடக்கும் கிழக்கும் பெருமளவு காடு, கோயில், ஆறு. எங்கே தெரிந்தது என்பதைத் தீர்மானித்தது யசோவர்மனின் திட்டம் அன்று, இன்றைய உழவரின் ஏர். இந்தச் சார்பை 1933இல் சரிபார்க்க வழியில்லை என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் ‘தெரியவில்லை’ என்பதை ‘மறைந்திருக்கிறது’ என்று மாற்றி எழுத அது உரிமை தருவதில்லை.

கோலுபேவைச் சதுரத்தின் பக்கம் இழுத்தது எது? இரண்டு காரணங்கள் எனக்குப் படுகின்றன. ஒன்று அங்கோர் தோம். பக்கத்துக்கு மூன்று கிலோமீட்டர் மதில், அகழி, நடுவில் கோயில் என்ற அந்த வடிவம் கண்முன் நின்றதால், மூன்று நூற்றாண்டு முந்தைய நகருக்கும் அதே சட்டை பொருந்தும் என்ற எண்ணம் இயல்பாக வந்திருக்கும். மற்றொன்று ஸ்டோக் காக் தோம் கல்வெட்டு. இதில் சற்று நின்று பார்க்க வேண்டும்.

இன்றைய தாய்லாந்தின் எல்லையோரக் கோயிலொன்றில் கிடைத்த இந்தக் கல்வெட்டு 1052ஆம் ஆண்டைச் சேர்ந்தது, 340 வரிகள். முற்பகுதி சமஸ்கிருதச் செய்யுள், பிற்பகுதி பழைய கெமர் உரைநடை. இரண்டாம் ஜெயவர்மன் காலம் முதல் தங்கள் குடும்பம் அரசர்களுக்குச் செய்த புரோகிதப் பணியை ஒரு குருமரபினர் இதில் பதிவுசெய்திருக்கிறார்கள். யசோவர்மனைப் பற்றிய செய்தி இரு பகுதிகளிலும் வருகிறது. ஆனால் ஒரே மாதிரி வரவில்லை. சமஸ்கிருதப் பகுதியின்படி, அரசன் ஆணையால் குரு வாமசிவர் யசோதரகிரி என்னும் மலைமேல் லிங்கம் நிறுவினார். அம்மலை மலையரசனுக்கு நிகரான அழகுடையது. நகரின் நடு என்ற பேச்சே அந்தச் செய்யுளில் இல்லை. கெமர்ப் பகுதி வேறு வரிசையில் செல்கிறது: அரசன் யசோதரபுரத்தை நிறுவினான், முந்தைய தலைநகரான ஹரிஹராலயத்திலிருந்து தேவராஜ வழிபாட்டை அங்கே கொண்டுவந்தான், பிறகு நடுமலையை எழுப்பினான், குரு அதன் நடுவில் லிங்கம் வைத்தார். ‘வ்னம் கந்தால்’ என்னும் நடுமலைப் பெயர் இந்தப் பகுதியில் மட்டுமே வருகிறது.

கல்வெட்டறிஞர் ஃபினோ, ஸ்தேர்ன், கோலுபேவ் மூவருமே இந்தப் பெயரை ஒரு நில அளவைக் குறிப்பாக எடுத்துக்கொண்டார்கள். நகருக்கு நடு என்றால் அதிலிருந்து சம தொலைவில் நான்கு ஓரங்கள் இருந்தாக வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. கல்வெட்டோ நடு எதற்கு என்று சொல்லவில்லை. அகழியும் இல்லை, மதிலும் இல்லை, அளவும் இல்லை. நகரை நிறுவியதும் மலையை எழுப்பியதும் அடுத்தடுத்த இரு செயல்களாகவே பதிவாகின்றன.

இங்கே சான்று மெலிவானது. ஆயினும் என் வாதத்தை இன்னும் ஓரடி தள்ளிப் பார்க்கிறேன். கல்வெட்டு வெட்டப்பட்டது யசோவர்மனுக்கு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு கழித்து. அதற்குள் ப்ரே ரூப் போன்ற அரசக் கோயில்கள் வேறிடங்களில் எழுந்துவிட்டன. அரண்மனையும் வடக்கே நகர்ந்துவிட்டது. 1052இல் அங்கோரில் வாழ்ந்த எவருக்கும் பாக்கெங் நகரின் புவியியல் நடுவாக இருந்திருக்க முடியாது. அப்படியிருந்தும் அக்குடும்பத்தினர் அதை நடுமலை என்றே எழுதினார்கள். எனவே அந்தப் பெயர் குன்றின் சமயத் தகுதியைக் குறித்த நிலைத்த வழக்காக இருக்கவே வாய்ப்பு மிகுதி. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தை 1955இல் தொடங்கிவைத்த ழான் ஃபிலியோசா, அதற்கு முந்தைய ஆண்டு வெளியிட்ட ஆய்வில் பாக்கெங் கோயிலை மேருவாக விளக்கினார். நடுக் கோபுரத்தைச் சூழ 108 சிறு கோபுரங்கள், எந்தத் திசையிலிருந்து நோக்கினாலும் 33 மட்டுமே கண்ணுக்குப் படும் அமைப்பு, முப்பத்துமூவர் தேவர்கள். இவ்வளவையும் தன்னுள் வைத்திருக்கும் மலை அண்டத்துக்கே நடு. அதற்கு நான்கு கிலோமீட்டர் அகழி வெட்டி நடுத்தன்மை வழங்கத் தேவையில்லை. பெயர் கோலுபேவ் கருதியபடி யசோவர்மன் காலத்திலேயே நகரமைப்பை ஒட்டிப் பிறந்தது என்று வாதிடவும் இடமுண்டு. கல்வெட்டை மட்டும் வைத்து அதை மறுத்துவிட முடியாது. ஆனால் வாய்ப்புள்ள இரு பொருள்களில் ஒன்றைக் கொண்டு 16 சதுர கிலோமீட்டர் நகரை வரைவது பெரிய துணிச்சல்.

களத்தில் சதுரத்தை உடைத்தவர் கிறிஸ்தோஃப் பொத்தியே. அங்கோரின் தென்பகுதியைக் காலால் நடந்தும் பழைய வான்படங்களை ஒப்பிட்டும் வரைபடமாக்கியவர் அவர். 2000இல் பிரெஞ்சு தூரக்கிழக்குப் பள்ளியின் அதே இதழில் எழுதிய கட்டுரைக்கு அவர் வைத்த தலைப்பில் ‘கோலூபுரா’ என்ற குறும்புப் பெயர் இருந்தது: கோலுபேவ் கட்டிய நகரம். தென்மேற்குக் கரைகள் சூழ் அகழி அல்ல, ஒரு நீரமைப்பின் கை என்பது அவர் முடிவு. அந்தக் கரைகளின் மேற்குக் கை வடக்கே செல்லும்போது மேற்குப் பராயின் கிழக்குக் கரைப்பக்கம் போய்ச் சேர்வதைக் கவனித்தால் இந்த வாசிப்பின் வலு புரியும். எட்டு கிலோமீட்டர் நீளமும் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட அகலமும் கொண்ட மேற்குப் பராய் 11ஆம் நூற்றாண்டு ஏரி. கரைகள் அதனோடு தொடர்புடையவை என்றால் யசோவர்மனுக்கு நூறாண்டுக்கும் மேல் பிந்தியவை.

பொத்தியேவுக்குக் கிடைக்காத ஒரு சோதனை 2012இல் கிடைத்தது. அந்த ஆண்டு ஏப்ரலில் டேமியன் எவன்ஸ் முதலியோர் ஹெலிகாப்டரில் லைடார் கருவி பொருத்தி, குலேன் மலை, கோ கேர் உள்பட 370 சதுர கிலோமீட்டரை அளந்தனர். இலைகளின் இடுக்கு வழியே தரைவரை சென்று திரும்பும் லேசர் துடிப்புகள் காட்டைக் கழித்துவிட்டு மண்ணின் மேடுபள்ளத்தை மட்டும் தந்தன. ஒளிப்படம் ஊமையான இடத்தில் இது பேசியது. அங்கோர் தோமின் தெருக்கட்டங்கள் அகழிக்கு வெளியிலும் தொடர்ந்தன. திட்டமிட்ட நகர்ப்பரப்பு, மதிலுக்குட்பட்ட 9 சதுர கிலோமீட்டரைத் தாண்டி 35 சதுர கிலோமீட்டராக விரிந்தது. கோலுபேவின் வடக்கு, கிழக்குப் பக்கங்களுக்குரிய அகழி மட்டும் வெளியான வரைபடங்களில் இல்லை. 200 மீட்டர் அகலப் பள்ளத்தை நிரப்பினாலும் தடம் தெரியாமல் அழிப்பது எளிதன்று.

குலேன் மலைமேல் தெரியவந்த மகேந்திரபர்வதம் இன்னொரு வகையில் உதவுகிறது. 8ஆம் நூற்றாண்டின் இறுதி, 9ஆம் நூற்றாண்டின் தொடக்கம் என்று கொள்ளப்படும் அந்நகரில் நேர்கோட்டுப் பாதைகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடிக் கட்டங்களை உண்டாக்குகின்றன. எல்லைகட்டிய மதிலோ அகழியோ அவற்றைச் சூழவில்லை. யசோவர்மனுக்கு முன்னோடியாகக் கிடைத்த மாதிரி திறந்த நகரம்தான் என்றால், அவனுக்குப் பின்வந்த அங்கோர் தோமை அவன்மீது ஏற்றிச் சொல்வது கால வரிசையையே தலைகீழாக்கும்.

லைடாரை எல்லாவற்றுக்கும் நடுவராக்கவும் நான் விரும்பவில்லை. அது எல்லாக் காலத்து மண்வேலையையும் ஒரே தளத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகத் தரும். எந்த மேடு எந்த நூற்றாண்டு என்று சொல்லாது. பாயோனைச் சுற்றிய நிலம் ஏழாம் ஜெயவர்மன் காலத்தில் கடுமையாகத் திருத்தப்பட்டது. அங்கே வடக்குப் பக்கத்தின் ஒரு துண்டு ஆழத்தில் கிடக்கும் வாய்ப்பை முற்றிலும் மூடிவிட முடியாது. தென்மேற்குக் கரைகளின் காலமும் தீர்ந்துவிட்டது என்று நான் எழுத மாட்டேன். மேற்குப் பராயோடு உள்ள தொடர்பு இடத்தால் வந்த அனுமானம். பழைய கரையொன்றைப் பின்னாளில் ஏரி வேலைக்கு எடுத்தாண்டிருக்கவும் கூடும். கரையைக் குறுக்காக வெட்டி, அதன் அடியில் மூடுண்ட பழைய வயல்மண்ணின் கரிமத்தையும் பானையோடுகளையும் வைத்துக் காலம் கணித்தாலொழிய 10ஆம் நூற்றாண்டா 11ஆம் நூற்றாண்டா என்ற கேள்வி திறந்தே இருக்கும். அதுவரை யசோதரபுரத்துக்கு வரையும் வரைபடத்தில் பாக்கெங்கும், அதன் அடிவார அகழியும், குளங்களும், பாதைகளும் இடம்பெறலாம். தென்மேற்குக் கரைகளைக் ‘காலம் தெரியாதவை’ என்ற குறிப்போடு தனி நிறத்தில் போடலாம். வடக்கிலும் கிழக்கிலும் கோடு போட வேண்டியதில்லை.