லிட்டில் எர்த்குவேக்ஸ்

லிட்டில் எர்த்குவேக்ஸ் என்பது அமெரிக்கப் பாடகியும் பியானோ கலைஞருமான டோரி ஏமஸ் தம் பெயரில் வெளியிட்ட முதல் இசைத்தொகுப்பு. பன்னிரண்டு பாடல்கள் கொண்ட இது 1992 ஜனவரியில் பிரிட்டனில் ஈஸ்ட் வெஸ்ட் நிறுவனத்தாலும், பிப்ரவரியில் அமெரிக்காவில் அட்லாண்டிக் நிறுவனத்தாலும் வெளியிடப்பட்டது. மின்கித்தார் ஓங்கியிருந்த காலத்தில், ஒரு பெண்ணின் குரலும் பியானோவுமே ஒரு தொகுப்பைத் தாங்கப் போதுமானவை என்று நிறுவியதே இதன் சிறப்பு.

பின்னணி

1963இல் வட கரோலினாவின் நியூட்டன் நகரில் மெதடிஸ்ட் போதகர் ஒருவரின் மகளாகப் பிறந்த ஏமஸ், ஐந்தாம் வயதில் பால்டிமோரின் பீபாடி இசைப்பள்ளியில் சேர்ந்தார். எழுதிய இசைக்குறிப்பைப் பார்த்து வாசிப்பதைவிடக் கேள்வி ஞானத்தால் வாசிப்பதிலேயே நாட்டம் மிகுந்திருந்த அவர், பதினொன்றாம் வயதில் அப்பள்ளியை விட்டு நீங்கி, பதின்ம வயதிலேயே தந்தையின் துணையோடு வாஷிங்டன் நகர மதுக்கூடங்களில் வாசிக்கத் தொடங்கினார். 1988இல் ஒய் கான்ட் டோரி ரீட் என்னும் குழுவின் பெயரில் வந்த ராக் தொகுப்பு விலைபோகவில்லை. அதன்பின் அவர் மீண்டும் பியானோவில் அமர்ந்து எழுதிய பாடல்களின் முதல் வடிவத்தை அட்லாண்டிக் ஏற்க மறுத்து, பியானோவுக்கு மாற்றாகக் கித்தாரைச் சேர்க்கச் சொன்னபோது, அவர் அதற்கு இணங்காமல் தயாரிப்பாளர் எரிக் ராஸுடன் சேர்ந்து சில பாடல்களைப் புதிதாகப் பதிவு செய்தார். பிரிட்டிஷ் ரசிகர்கள் இவ்விசையை எளிதில் ஏற்பர் என்று கருதிய நிறுவனம் 1991இல் அவரை லண்டனுக்கு அனுப்பியது. டேவிட் சிகர்சன், இயன் ஸ்டான்லி ஆகியோரும் தயாரிப்பில் பங்கேற்றனர்.

வகையும் அமைப்பும்

இத்தொகுப்பை மாற்று ராக் வகையில் வைப்பதுண்டு. எனினும் தாளமும் இன்னிசையும் பியானோவிலிருந்தே பிறப்பதால், பிற்கால இண்டி பாப்பில், அதாவது வணிக வாய்பாட்டுக்கு அடங்காத தனிப்பட்ட வெளிப்பாட்டை முதன்மையாகக் கொண்ட பாப் இசையில், பியானோவை மையமாகக் கொண்ட கிளைக்கு இதையே முன்னோடியாகக் கொள்ள வேண்டும். பிரஷியஸ் திங்ஸ் பாடலில் விரைந்து சுழலும் பியானோ வரிசைக்கு இடையே மூச்சை வெளிவிடும் ஒலியே தாளக்கருவியாகிறது. சைலண்ட் ஆல் தீஸ் இயர்ஸ் பாடல், அரைச்சுர இடைவெளியில் நெளியும் சிறு பியானோ வரிசையுடன் தொடங்கி மெல்ல நரம்பிசைக்கு விரிகிறது. வின்டர் தந்தை மகள் உறவையும், குரூசிஃபை சமயம் ஊட்டிய குற்றவுணர்வையும் பேசுகின்றன. ஏமஸ் தமக்கு நேர்ந்த பாலியல் வன்முறையைப் பற்றி எழுதிய மீ அண்ட் எ கன் பாடலில் எந்தக் கருவியும் ஒலிப்பதில்லை. பியானோவும் விலகிக்கொள்ள, கேட்பவர் அக்குரலை நேருக்கு நேர் எதிர்கொள்கிறார்.

வரவேற்பு

தொகுப்பு பிரிட்டிஷ் பட்டியலில் 14ஆம் இடத்தையும் அமெரிக்கப் பட்டியலில் 54ஆம் இடத்தையும் எட்டியது. 1994இல் தொடங்கப்பட்ட, பாலியல் வன்முறைக்கு உள்ளானோருக்கு உதவும் ரெய்ன் அமைப்பின் முதல் தேசியப் பிரதிநிதியாக, மீ அண்ட் எ கன் பாடலைப் பாடிய ஏமஸ் விளங்கினார். தொகுப்பின் முப்பதாம் ஆண்டையொட்டி 2022இல் இப்பாடல்களைத் தழுவிய சித்திரக்கதை நூல் வெளிவந்தது.