ஒரு சிறு நட்டின் கதை



வேலை செய்யும் இடத்தில் ஏதாவது பழுதாகிவிட்டால் முதலில் எழும் கேள்வி, 'யார் செய்தது?' என்பதுதான். 'எதனால் ஆனது?' என்ற கேள்வி பிறகுதான் வரும். சில வேளைகளில் வராமலே போய்விடும். இந்த இரண்டு கேள்விகளுக்கும் இடையே எவ்வளவு தூரம் உண்டு என்பதை ஒரு ராக்கெட்டின் வரலாறு நமக்குக் காட்டுகிறது. அந்த வரலாற்றில் நம் மலேசியாவுக்கும் ஒரு பங்கு உண்டு.

ராக்கெட் விடுவது நெடுங்காலமாக அரசாங்கங்களின் வேலையாகவே இருந்தது. தனியார் சிலரும் இதில் இறங்கிப் பார்த்தார்கள். அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் மாத்தகோர்டா என்று ஒரு தீவு இருக்கிறது. அங்கே 1981ஆம் ஆண்டு ஆகஸ்டு 5ஆம் நாள், 'பெர்ச்செரான்' என்ற தனியார் ராக்கெட் இயந்திரச் சோதனையின்போதே வெடித்துப்போயிற்று. அதே நிறுவனத்தார் அடுத்த ஆண்டு செப்டம்பர் 9ஆம் நாள் 'கோனெஸ்டோகா' என்ற வேறொரு ராக்கெட்டை விட்டார்கள். அது விண்வெளியைத் தொட்டுவிட்டுக் கடலில் விழுந்தது.

விண்வெளியைத் தொடுவது வேறு. பூமியைச் சுற்றிவருவது வேறு. ஒரு பொருள் கீழே விழாமல் பூமியைச் சுற்ற வேண்டுமானால், நொடிக்கு ஏறக்குறைய 8 கிலோமீட்டர் வேகம் வேண்டும். திரவ எரிபொருள் ராக்கெட்டைத் தனியார் முதலில் போட்டே உருவாக்கி, அந்த வேகத்தை எட்டவைக்க ஒருவர் துணிந்தார். அவர் பெயர் ஈலோன் மஸ்க். 2002ஆம் ஆண்டில் அவர் 'ஸ்பேஸ் எக்ஸ்' என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அதன் முதல் ராக்கெட்டுக்கு 'ஃபால்கன் 1' என்று பெயர். உயரம் சுமார் 21 மீட்டர். நாம் விளக்குக்கு ஊற்றிய மண்ணெண்ணெய்யின் இனத்தைச் சேர்ந்த எண்ணெய்தான் அதற்கு எரிபொருள். அது எரிவதற்குக் கடுங்குளிரில் திரவமாக்கிய பிராணவாயுவும் உடன் செல்லும்.

ராக்கெட்டை விடுவதற்குத் தேர்ந்தெடுத்த இடம் பசிபிக் மாகடலில், மார்ஷல் தீவுகளைச் சேர்ந்த ஒமெலெக். சுமார் எட்டு ஏக்கர் பரப்பே உள்ள சின்னஞ்சிறு தீவு. பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால், பூமி சுழலும் வேகமும் ராக்கெட்டுக்குக் கை கொடுக்கும். ஆனால் அங்கே வெயிலும் ஈரமும் உப்புக்காற்றும் ஓய்வதே இல்லை.

2005ஆம் ஆண்டு நவம்பரிலும் டிசம்பரிலும் ராக்கெட்டை விட முயன்று, கோளாறுகளால் நிறுத்திவிட்டார்கள். இப்படியே மாதங்கள் கழிந்தன. கடைசியில், 2006ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் நாள் காலை, அத்தீவின் நேரப்படி பத்தரை மணிக்கு ஃபால்கன் 1 புறப்பட்டது. அமெரிக்க விமானப்படைக் கல்லூரி மாணவர்கள் செய்த சிறிய துணைக்கோள் ஒன்றும் அதில் இருந்தது.

எழும்பிய சிறிது நேரத்திலேயே இயந்திரத்தின் பக்கம் நெருப்புத் தெரிந்தது. அரை நிமிடம் கடந்ததும் இயந்திரம் நின்றது. ராக்கெட் தீவின் ஓரத்துப் பவளப்பாறைத் திட்டில் விழுந்து நொறுங்கியது. துணைக்கோளோ பறந்து வந்து, தீவிலிருந்த பட்டறைக் கொட்டகையின் கூரையைப் பிய்த்துக்கொண்டு உள்ளே விழுந்தது!

இனி விசாரணை. ஏவுவதற்கு முதல் நாள், ஒரு கருவியைச் சரிபார்ப்பதற்காக எரிபொருள் குழாயின் நட்டு ஒன்றைக் கழற்றிப் பூட்டியிருந்தார்கள். எண்ணெய் கசிந்த இடமும் அதுவே. ஆகவே, தொழிலாளி நட்டைச் சரியாக முடுக்கவில்லை என்ற முடிவுக்கு நிறுவனம் வந்தது. தலைவரும் அதை வெளியே சொல்லிவிட்டார். நேயர்களே, அந்த நட்டைத் தொட்ட கைகளுக்கு உரியவர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள்! கோடிக்கணக்கான வெள்ளியும் பல ஆண்டு உழைப்பும் உங்களால்தான் போயின என்று உலகமே கேட்கச் சொன்னால், மனம் என்ன பாடுபடும்?

நல்ல வேளையாக, விசாரணை அங்கே நிற்கவில்லை. திட்டில் சிதறிக் கிடந்த துண்டுகளைப் பொறுக்கி எடுத்திருந்தார்கள். அமெரிக்கத் தற்காப்பு ஆராய்ச்சித் துறை அமைத்த குழுவும் ஆராய்ந்தது. அந்த நட்டு தளர்ந்திருக்கவில்லை. அது வெடித்துப் பிளந்திருந்தது. அதைப் பிளந்தது உப்புக்காற்று.

இரும்பு துருப்பிடித்தால் சிவப்பேறி நம் கண்ணுக்குத் தெரியும். அந்த நட்டு அலுமினியக் கலவையால் ஆனது. உலோகம் என்பது பொரி உருண்டையைப் போல, எண்ணற்ற நுண்மணிகள் ஒட்டிச் சேர்ந்தது. அந்த மணிகளுக்கு இடையே உள்ள ஒட்டை உப்பு அரித்துக்கொண்டே போகும். மேலே பளபளப்பு, உள்ளே விரிசல். ஏவுவதற்குச் சுமார் ஆறு நிமிடம் முன்பே எண்ணெய் கசியத் தொடங்கிவிட்டது. இயந்திரம் மூண்டதும் அது தீப்பற்றி, வால்வுகளைத் திறந்து வைத்திருக்கும் வாயுக்குழாயைப் பொசுக்கியது. வால்வுகள் மூடின, இயந்திரம் நின்றது.

உண்மை தெரிந்ததால் பரிகாரமும் கிடைத்தது. அலுமினிய நட்டுகளுக்குப் பதிலாகத் துருவேறா எஃகு நட்டுகளைப் பூட்டினார்கள். கசிவு போன்ற கோளாறுகளைக் கணினியே கண்டு ஏவுதலை நிறுத்தவும் ஏற்பாடு செய்தார்கள். பழியைத் தொழிலாளியின் தலையில் போட்டுவிட்டு விசாரணையை முடித்திருந்தால், அடுத்த ராக்கெட்டிலும் அதே நட்டுதான் ஏறியிருக்கும்.

2007ஆம் ஆண்டு மார்ச்சில் விட்ட இரண்டாவது ராக்கெட்டும், 2008ஆம் ஆண்டு ஆகஸ்டில் விட்ட மூன்றாவதும் தோற்றன. ஆனால் காரணங்கள் வேறு. பழைய தவறு திரும்ப வரவில்லை. 2008ஆம் ஆண்டு செப்டம்பர் 28ஆம் நாள், நான்காவது ராக்கெட் பூமியைச் சுற்றும் பாதையை அடைந்தது. திரவ எரிபொருளால் இயங்கிய தனியார் ராக்கெட் ஒன்று அப்பாதையை அடைந்தது அதுவே முதல் முறை.

ஐந்தாவது ராக்கெட் 2009ஆம் ஆண்டு ஜூலை 14ஆம் நாள் சென்றது. அது சுமந்து சென்றது நம் மலேசியாவின் 'ரசாக்சாட்' துணைக்கோள். நம் இரண்டாவது பிரதமர் துன் அப்துல் ரசாக்கின் பெயரைத் தாங்கிய அதன் எடை சுமார் 180 கிலோ. பூமத்திய ரேகையை ஒட்டிச் சுற்றி, நாளுக்குப் பல முறை நம் மண்ணைப் படம் பிடிக்கும்படி அதை அமைத்திருந்தார்கள். மறு ஆண்டே அது செயலிழந்துவிட்டது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆயினும் அதைப் பத்திரமாக மேலே சேர்த்தது, முன்பு நெருப்பில் விழுந்த அதே இன ராக்கெட்தான்.

நேயர்களே, உங்கள் வேலையிடத்தில் ஓர் இயந்திரம் நின்றாலும், வீட்டில் பிள்ளை ஒரு பாத்திரத்தை உடைத்தாலும், குரலை உயர்த்துவதற்கு முன் உடைந்த துண்டைக் கையிலெடுத்துப் பாருங்கள். ஒமெலெக் தீவில் உண்மையைச் சொன்னது அந்த உடைந்த துண்டுதான்.