‘நியாயமான’ என்ற ஒரு சொல்

அமெரிக்க அரசியலமைப்பைப் பற்றி இந்த அரங்கில் பேசியபோது ஜொகூர் பாரு அன்பர் ஒருவர் கேட்டார்: “ஹாமில்டனும் ஜெபர்சனும் சண்டை போட்டால் நமக்கென்ன?” அன்று எனக்குச் சரியான பதில் வரவில்லை. இன்று சொல்லிப் பார்க்கிறேன்.

அந்தச் சண்டை இதுதான். 1787இல் வலுவான மத்திய அரசு வேண்டும் என்றார் அலெக்சாண்டர் ஹாமில்டன். மக்களின் உரிமைப் பட்டியல் இல்லையே என்று கையெழுத்திட மறுத்தார் ஜார்ஜ் மேசன். 1791இல் 10 திருத்தங்கள் சேர்ந்தன. பேச்சுரிமையைக் குறைக்கும் சட்டம் எதையும் காங்கிரஸ் இயற்றக் கூடாது என்றது முதல் திருத்தம். ஏழே ஆண்டுகளில், 1798இல், அரசைத் தாக்கி எழுதுவோரைச் சிறையிலடைக்க அதே காங்கிரஸ் சட்டம் போட்டது! அந்தச் சட்டத்தை எதிர்த்தவர்களில் முன்நின்றவர் ஜெபர்சன்.

அரசின் அதிகாரத்துக்கு எழுத்தில் எல்லை கட்டுவது ஜொகூருக்குப் புதிதல்ல. 1895இல் சுல்தான் அபு பாக்கார் காலத்தில் எழுதப்பட்ட மாநில அரசியலமைப்பு, எந்த ஐரோப்பிய வல்லரசுக்கும் நாட்டை ஒப்படைக்கும் அதிகாரம் ஆட்சியாளருக்கே இல்லை என்றது.

தனிமனித உரிமை என்று வந்தபோது, நம் நாட்டில் சண்டை ஒரே சொல்லைப் பற்றியதாக இருந்தது.

சுதந்திர மலாயாவுக்கு அரசியலமைப்பு வரைய 1956இல் ரீட் ஆணையம் அமைந்தது. உறுப்பினர்கள் ஐவர். பேசவும் கூடவும் சங்கம் அமைக்கவும் குடிமக்களுக்கு உரிமை உண்டு. நாடாளுமன்றம் ‘நியாயமான’ கட்டுப்பாடுகளை விதிக்கலாம் என்று வரைவு எழுதினார்கள். பாகிஸ்தானைச் சேர்ந்த நீதிபதி அப்துல் ஹமீட் மட்டும் ஒப்பவில்லை. அந்தச் சொல் இருந்தால் ஒவ்வொரு சட்டத்தையும் யாராவது நீதிமன்றத்துக்கு இழுப்பார்கள். எது நியாயம் என்று மக்கள் பிரதிநிதிகள் முடிவு செய்யட்டும் என்பது அவருடைய வாதம். அவரை வில்லனாக்க எனக்கு மனமில்லை. தேர்தலில் வந்தவரா, நியமனத்தில் வந்தவரா, கடைசி வார்த்தை யாருடையது என்ற கேள்வி நேர்மையான கேள்விதான்.

ஆனால் அந்தச் சொல் என்ன செய்யும் என்பதைச் சென்னை மாகாணம் அதற்குள் பார்த்துவிட்டது. அங்கே மக்கள் கல்விச் சங்கம் என்ற அமைப்பை 1950இல் அரசு சட்டவிரோதமென அறிவித்தது. அதன் செயலாளர், வழக்கறிஞர் வி.ஜி. ராவ், நீதிமன்றம் போனார். சங்கம் அமைக்கும் உரிமைக்கு ‘நியாயமான’ கட்டுப்பாடு மட்டுமே விதிக்கலாம் என்று இந்திய அரசியலமைப்பு சொல்கிறது. அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு, தலைமை நீதிபதி பதஞ்சலி சாஸ்திரியின் உச்ச நீதிமன்றம் 1952இல் சென்னை அரசின் சட்டப் பிரிவைச் செல்லாது என்றது.

இங்கோ ஹமீட் வென்றார். 1957 ஆகஸ்ட் 31இல் நடப்புக்கு வந்த 10ஆவது விதியில் ‘நியாயமான’ என்ற சொல் இல்லை. ‘அவசியம் அல்லது உகந்தது என்று நாடாளுமன்றம் கருதும்’ கட்டுப்பாடு என்று ஆகிவிட்டது. கருதினால் போதும்!

அரை நூற்றாண்டுக்குப் பின் 2010இல் சிவராசா ராசையா வழக்கு வந்தது. நாடாளுமன்ற உறுப்பினர் வழக்கறிஞர் மன்றப் பொறுப்பில் இருக்கத் தடை போட்ட சட்டத்தை அவர் எதிர்த்தார். வழக்கில் அவர் தோற்றார். ஆனாலும் ‘கட்டுப்பாடு’ என்பதை ‘நியாயமான கட்டுப்பாடு’ என்றே வாசிக்க வேண்டும் என்று கூட்டரசு நீதிமன்ற நீதிபதி கோபால் ஸ்ரீராம் தீர்ப்பில் எழுதி வைத்தார். தோற்றவருக்குக் கிடைத்த இந்த வரியை அன்று எத்தனை பேர் கவனித்தோம்?

பிறகு நம் ஜொகூரிலேயே ஒரு வழக்கு. 2013இல் நடந்த கறுப்பு 505 கூட்டத்துக்கு 10 நாள் முன்னறிவிப்புத் தரவில்லை என்று யுனேஸ்வரன் ராமராஜ் மீது அமைதிப் பேரணிச் சட்டத்தில் குற்றம் சுமத்தப்பட்டது. 6,000 வெள்ளி அபராதம். இதே போன்ற நிக் நஸ்மி வழக்கில் 2014இல் அந்தத் தண்டனைப் பிரிவு செல்லாது என்றிருந்த மேல்முறையீட்டு நீதிமன்றம், 2015 அக்டோபரில் யுனேஸ்வரன் வழக்கில் செல்லும் என்றது. ஒரே பிரிவு, ஒரே நிலை நீதிமன்றம், இரண்டு பதில். அடுத்துக் கூட்டம் போட நினைப்பவர் எதை நம்புவது?

2025 ஜூலை 1ஆம் தேதி கூட்டரசு நீதிமன்றம் ஒருமனதாக அதற்கு முடிவு கட்டியது. முன்னறிவிப்புத் தராததற்குத் தண்டிப்பது அளவுக்கு மீறியது; கட்டுப்பாடாக நில்லாமல் தடையாகிவிடுகிறது என்று சொல்லி அந்தப் பிரிவை ரத்து செய்தது. வழக்கு தொடுத்தவர் அமிர் ஹரிரி என்ற இளைஞர். யுனேஸ்வரன் 2022 தேர்தலிலேயே சிகாமட் நாடாளுமன்ற உறுப்பினராகியிருந்தார். சட்டம் இயற்றும் பக்கம் வந்துவிட்டார்.

10ஆவது விதியை நேற்றும் எடுத்துப் பார்த்தேன். ரீட் ஆணையம் எழுதிய அந்தச் சொல் இன்னும் அங்கே அச்சில் இல்லை.