எரிந்து மறைய வேண்டிய பிசின்: மின்னணுப் பசைகளில் அக்ரிலிக் வந்த வரலாறு

மின்தொழிலுக்கு ஜோகூர் முதலில் கொடுத்தது மரப்பால். 1840-களில் கட்டாபெர்ச்சா மரத்தின் பால் சிங்கப்பூர் வழியாக இலண்டனுக்குப் போனது. அந்த வணிகத்தைக் கையில் வைத்திருந்த ஜோகூர் தெமெங்கோங் இப்ராகிம் அதனால் செல்வந்தரானார். 1851-இல் ஆங்கிலக் கால்வாயின் அடியில் போடப்பட்ட தந்திக் கம்பிக்கு அதுவே உறை. கம்பியோடு கடலடியில் நிலைத்திருப்பது அந்தப் பாலின் வேலை. இக்கட்டுரை பேசும் அக்ரிலிக் ரெசினின் வேலை, சூளைக்குள் தடயமில்லாமல் போய்விடுவது.

மின்தேக்கி, மின்தடை போன்ற உறுப்புகளில் உலோகப் படலம் பசையாகப் பூசப்பட்டுச் சுடப்படுகிறது. உலோகத் தூள், சிறிது கண்ணாடித் தூள், டெர்பினியால் போன்ற கரைப்பான், இவற்றைச் சேர்த்துப் பிடிக்கும் ரெசின் ஆகியவை அந்தப் பசையின் சேர்மானம். பூசும்வரை பசைக்குப் பதம் தருவதும், காய்ந்தபின் தூள் உதிராமல் பிடிப்பதும் ரெசின். சூளை சூடேறும்போது அது முழுவதும் வெளியேறிவிட வேண்டும்.

இரண்டாம் உலகப் போரில் குண்டுகளின் அண்மை வெடிப்பிக்காக அமெரிக்காவின் சென்ட்ராலாப் நிறுவனம் பீங்கான் தகட்டில் வெள்ளிப் பசையை அச்சிட்டுச் சுட்டது. 1964-இல் ஐபிஎம் அறிவித்த சிஸ்டம்/360 கணினியின் சுற்றுகள் அரை அங்குலப் பீங்கான் சதுரங்களில் இதே முறையில் அச்சாயின. வெள்ளி, பல்லேடியம் போன்ற விலைமதிப்புள்ள உலோகங்கள் காற்றில் சுட்டாலும் கெடுவதில்லை. அதனால் மரக்கூழிலிருந்து பெறும் எத்தில் செல்லுலோஸே பிணைப்புக்குப் போதுமானதாக இருந்தது. திரையில் அச்சிட அதைப்போல் இணக்கமானது வேறில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜன் அதைச் சுத்தமாக எரித்துவிடும்.

அக்ரிலிக் அப்போது புதிய பொருளும் அல்ல. ஓட்டோ ரோம் 1901-இல் தம் முனைவர் பட்ட ஆய்வை அக்ரிலிக் சேர்மங்களில்தான் செய்தார். 1933-இல் பிளெக்சிகிளாஸ் என்ற வணிகப் பெயர் வந்தது. போர் விமானங்களின் கண்ணாடிக் கூண்டுகளும் அதில் ஆனவையே. அதைச் சூடாக்கினால் மீண்டும் மூல மூலக்கூறாகப் பிரிகிறது என்பது, கழிவுத் தகடுகளைக் காய்ச்சி மூலப்பொருளை மீட்டவர்களுக்குத் தெரிந்த செய்தி. அப்படியிருக்க, பசை செய்பவர்களுக்கு அது இன்றியமையாததாக ஏன் இவ்வளவு காலமாயிற்று? விடை உலோகத்தின் விலையில் இருக்கிறது என்பது என் கணிப்பு.

1996-இல் அவுன்சுக்கு 130 டாலர் அளவில் இருந்த பல்லேடியம், 2001 சனவரியில் 1,000 டாலரைத் தாண்டியது. அடுக்குப் பீங்கான் மின்தேக்கியின் உள் மின்வாய்கள் அதுவரை பெரும்பாலும் பல்லேடியத்தால் ஆனவையாக இருந்தன. அதற்கு நிக்கலை மாற்றாக்கும் வழியை முராத்தா நிறுவனத்தின் சக்காபே யுக்கியோ முதலிய ஜப்பானிய ஆய்வாளர்கள் 1970-களிலிருந்தே தேடிவந்தார்கள். விலையேற்றம் தொழிற்சாலைகளை அந்த வழிக்கு விரைவாகத் தள்ளியது. உள்ளே நிக்கல் வந்ததும், வெளிமுனையில் வெள்ளி இருந்த இடத்துக்குச் செம்பு வந்தது. செம்பைக் காற்றில் சுட்டால் கறுத்துப்போகும். நைட்ரஜனில்தான் சுட வேண்டும். ஆக்சிஜன் பத்து லட்சத்தில் சில பங்குக்குமேல் இருக்கக் கூடாது. எத்தில் செல்லுலோஸ் அங்கே எரிய வழியில்லாமல் கரியாகித் தங்கிவிடுகிறது.

அந்தக் கரி செய்யும் கேட்டை ஒரு மின்தேக்கியின் முனையில் பார்க்கலாம். 1 மில்லிமீட்டர் நீளமும் அரை மில்லிமீட்டர் அகலமும் உள்ள துண்டுகளை ரப்பர் தட்டின் துளைகளில் நிறுத்தி, மெல்லப் பரப்பிய செம்புப் பசையில் தலை தோய்த்து எடுப்பார்கள். காய்ந்தபின் சூளையில் 800 பாகை செல்சியஸ் அளவில் சுடுவார்கள். கண்ணாடித் தூள் இளகும் வேளையில் கரி மிச்சமிருந்தால், அதிலிருந்து எழும் வாயு படலத்துக்குள் சிக்கிக் கொப்புளமாகும். படலம் நுண்துளை விழுந்து நிற்கும். அடுத்து வரும் நிக்கல், வெள்ளீய முலாம் பூச்சில் கரைசல் அத்துளைகள் வழியே உள்ளே இறங்கும். உறுப்பின் காப்புத்திறன் பிறகு நாளடைவில் குறையும்.

அக்ரிலிக் குடும்பத்தைச் சேர்ந்த மெத்தாக்ரிலேட் இவ்விடரைத் தீர்த்தது. கோத்த மணிகள் கயிறு அறுந்து உதிர்வதுபோல, அதன் சங்கிலி 300 முதல் 400 பாகைக்குள் மூலக்கூறு மூலக்கூறாகக் கழன்று ஆவியாகிவிடுகிறது. ஆக்சிஜன் தேவைப்படுவதில்லை. சங்கிலியில் ஒன்றுவிட்டு ஒரு கார்பனில் மெத்தில் கிளை இருப்பதே காரணம். அக்கிளை இல்லாத அக்ரிலேட்டுகள் இவ்வளவு சுத்தமாகக் கழல்வதில்லை. ஐசோபியூட்டைல் மெத்தாக்ரிலேட் இன்னும் தாழ்ந்த வெப்பத்தில் பிரியும், டெர்பினியாலிலும் கரையும். குறையும் உண்டு. மூலக்கூறு நீண்டால் பசை நூலிழுக்கும், அச்சின் ஓரம் கெடும். திரை அச்சில் எத்தில் செல்லுலோஸ் இன்றும் விலகாமல் இருப்பதற்கு இது ஒரு காரணம். நிக்கல் உள்மின்வாயில்கூட அதுவே பெரிதும் பயன்படுகிறது. அங்கே உயர்வெப்பத்துக்கு முன்பே மிதமான சூட்டில் பிணைப்பானை வெளியேற்றிவிட முடிகிறது.

இந்த வரலாறு ஜோகூர் நீரிணையையும் தொட்டுச் செல்கிறது. 1971-இல் மலேசியா சுதந்திர வணிக வட்டாரச் சட்டத்தை இயற்றியது. 1972-இல் முராத்தா சிங்கப்பூரில் கால்வைத்தது. அதன் ஈசூன் ஆலை நீரிணைக்கு அந்தக் கரையில் இருக்கிறது. 1974-இல், இன்று எஸ்டி மைக்ரோ எலெக்ட்ரானிக்ஸ் எனப்படும் நிறுவனத்தின் ஆலை மூவாரில் தொடங்கியது. அங்கே நடப்பது சிப்புகளைப் பொதிவதும் சோதிப்பதும். சுடப்படும் பசையின் வேலை மின்தேக்கி ஆலைகளுடையது. 1924-இல் திறந்த ஜோகூர் பாலத்தைக் கடந்து நாள்தோறும் சிங்கப்பூர் ஆலைகளுக்குப் போகிறவர்களில் நம்மவர்களும் உண்டு. ரப்பர் தோட்டங்களை விட்டு வெளியேறிய தமிழ்க் குடும்பங்களின் பெண்கள் பலர் மின்னணு ஆலைகளில்தான் முதல் மாதச் சம்பளம் வாங்கினார்கள்.

ரெசினின் வேதியியல் காப்புரிமை ஆவணங்களில் பதிவாகியிருக்கிறது. வெள்ளிப் பசை போய்ச் செம்புப் பசை வந்த ஆண்டில் சூளையருகே நின்றவர்கள் என்ன பழக வேண்டியிருந்தது, ரெசின் ஆவியின் காரமான நெடியை எப்படிச் சமாளித்தார்கள் என்பவை அவர்கள் நினைவில் மட்டுமே இருக்கின்றன. அந்தத் தலைமுறை ஓய்வுபெற்றுவருகிறது. ஸ்கூடாயிலுள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் மாணவர்களும் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையினரும் அவர்களைத் தேடிச் சென்று வாய்மொழியாகக் கேட்டுப் பதிவுசெய்ய வேண்டும்.