சிறுநீரில் அயடீன்

கழுத்தின் முன்புறத்திலே கழலை புடைத்திருப்பதைக் கையால் தொட்டுப் பார்த்தே, ஒரு நாட்டு மக்கள் அயடீன் குறைவால் வருந்துகின்றனர் என மருத்துவர் நெடுங்காலம் முடிவு செய்து வந்தனர். ஆனால் அவ்வீக்கம் தோன்றவும் பல ஆண்டுகள் செல்லும். வற்றவும் பல ஆண்டுகள் செல்லும். கழுத்து கூறுவது பழங்கதையே.

1811 ஆம் ஆண்டில் கூர்த்துவா என்னும் பிரெஞ்சுக்காரர் கடற்பாசிச் சாம்பலிலிருந்து அயடீனைப் பிரித்தெடுத்தார். நீரிலும் மண்ணிலும் இப்பொருள் குறைந்த இடங்களிலேயே கழலை மிகுதியெனச் சத்தேன் என்பவர் 1850களில் எடுத்துரைத்தபோது, பிரெஞ்சு அறிவியற் கழகம் அதனை ஏற்கவில்லை. அத்துணை நுண்ணிய அளவுகளைப் பிறர் சரிபார்த்தல் அக்காலத்தில் எளிதன்று. வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு வேண்டிய அயடீன் 150 மைக்கிரோகிராம் மாத்திரமே. ஊசிமுனையில் நிற்கும் அளவு எனலாம்.

உண்ட அயடீனில் ஏறக்குறைய நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு சிறுநீர் வழியே வெளியேறிவிடுகின்றது. ஆகவே அண்மையில் உண்டதன் கணக்குச் சிறுநீரில் உண்டு. அதனைப் படிக்கும் வழியை 1930களில் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாண்டெல், கொல்தோப் என்னும் இருவர் வகுத்தனர். மஞ்சள் நிறமான சீரியக் கரைசலின் நிறத்தை ஆசனிக்குச் சேர்வை மெல்ல நீக்கும். சிறிதளவு அயடீன் கலந்திருப்பினும் அவ்வினை விரைவுபடும். நிறம் மறையும் வேகமே அயடீனின் அளவைக் காட்டிவிடும். தராசு செய்ய முடியாததைக் கடிகாரம் செய்தது!

எனினும் ஒருவரது சிறுநீரை ஒருமுறை சோதித்து அவருக்குக் குறையுண்டு என்று கூறிவிட இயலாது. உணவுக்கேற்ப அவ்வளவு நாளுக்கு நாள் மாறும். பலரது அளவுகளை வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதையே எடுத்துக்கொள்வர். பள்ளிப் பிள்ளைகளிடத்து இது லீற்றருக்கு 100 முதல் 199 மைக்கிரோகிராம் வரை இருப்பின் போதுமானது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவுகோல்.

இலங்கையின் தென்மேற்கு ஈரவலயத்தில் கழலை நெடுநாளையது. 1995 இல் உப்புக்கு அயடீன் சேர்ப்பது கட்டாயமாக்கப்பட்டது. 2000-2001 இல் நாடளாவிய ஆய்வில் பள்ளிப் பிள்ளைகளுள் 20.9 வீதத்தினருக்குக் கழலை காணப்பட்டது. கழுத்தை மட்டும் பார்த்திருப்பின், உப்பு பயனற்றதென்று கைவிட்டிருக்கவும் கூடும். ஆனால் அதே பிள்ளைகளின் சிறுநீர் காட்டிய நடு அளவோ 145.3 மைக்கிரோகிராம்! உப்பு வீடுகளை எட்டியிருந்தது. வீக்கந்தான் இன்னும் வற்றவில்லை.

கருவுற்ற தாய்மாருக்கு இவ்வளவுகோல் பொருந்தாது. கருவிலிருக்கும் சிசுவின் மூளை வளர்ச்சியும் தாயின் அயடீனையே நம்பியிருத்தலால், அவர்களுக்கு 150 முதல் 249 வரை வேண்டும்.