ஊராத்துறையும் நயினாதீவுக் கல்வெட்டும்

காரைநகரிற் படகேறித் தெற்கே செல்வோர் சிறிது நேரத்தில் ஊர்காவற்றுறையை அடைவர். வழியில், நீர் நடுவே நிற்கும் கடற்கோட்டை அவர்தம் கண்ணைக் கவரும். போர்த்துக்கேயர் கட்டிய அக்கோட்டையை 1658 இல் ஒல்லாந்தர் கைப்பற்றி, ஹம்மன்ஹீல் எனப் பெயரிட்டனர். கரையிறங்கும் ஊருக்குக் கயிற்ஸ் என்ற பெயர் வந்ததும் துறைமேடையைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லினாலேயே என்பர். இவற்றைக் காண்போர், இத்துறையின் வரலாறு ஐரோப்பியரோடு தொடங்கியதென எண்ணுதல் இயல்பே. ஆயினும் அவ்வெண்ணம் பொருந்தாது.

ஐரோப்பியர் வருகைக்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே இத்துறைக்கெனச் சட்டம் வகுக்கப்பட்டிருந்தது. நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலிலுள்ள தமிழ்க் கல்வெட்டு அதற்குச் சான்றாகும். பேராசிரியர் கா. இந்திரபாலா 1963 இல் ஆராய்ந்து வெளியிட்ட இச்சாசனம், 1153 முதல் 1186 வரை பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணையாகும். சிங்கள மன்னன் ஒருவனின் ஆணை தமிழிற் பொறிக்கப்பட்டமை, அக்காலத்தில் இத்துறையில் வழங்கிய மொழி யாதென்பதையும் உணர்த்தும்.

பிறநாட்டு வணிகர் ஊராத்துறையில் வந்து தங்கவேண்டும். அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கப்படவேண்டும் என்பது ஆணையின் நோக்கம். யானை குதிரை ஏற்றி வந்த கலம் உடைந்தால், நாலில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கும் ஏனைய மூன்று பங்கும் உடையவருக்கும் உரியன. பிற வணிகச் சரக்கேற்றிய கலம் உடைந்தால், சரிபாதி பண்டாரத்துக்கும் சரிபாதி உடையவருக்கும் சேரும்.

இப்பங்கீடு அருளின் பாற்பட்டதோ, ஆதாயத்தின் பாற்பட்டதோ என்ற வினா எழும். யானை குதிரைகள் மீது தனக்குள்ள விருப்பத்தை மன்னனே சாசனத்திற் கூறுகின்றான். படைக்கு வேண்டியவற்றைக் கொணர்ந்தோருக்குக் கூடிய சலுகை கிடைத்தது. ஏனையோர் பாதியை இழந்தனர். ஆதலின் இதனை வெறும் கருணை என்றல் பொருந்தாது. ஆயினும் அக்கால வழக்கத்தோடு ஒப்பிடுமிடத்து இதன் சிறப்புப் புலனாகும். ஆந்திரநாட்டு மோட்டுப்பள்ளித் துறையில் 1244 இல் காகதீய மன்னன் கணபதி பொறித்த சாசனம், முன்னிருந்த அரசர் உடைந்த கலங்களின் பொருளை வலிந்து கவர்ந்தமையை எடுத்துரைக்கின்றது. அத்தகைய உலகில், கடலிடைக் கலமிழந்து கரையேறிய வணிகனுக்கும் உரிமையுண்டு எனக் கல்லில் எழுதியமை சிறு செயலன்று.

இத்துறை வணிகருக்கு மட்டுமே பயன்பட்டதெனக் கொள்ளுதலும் தவறாகும். இரண்டாம் இராசாதிராச சோழனின் திருவாலங்காட்டுச் சாசனம், பராக்கிரமபாகு ஊராத்துறை முதலிய இடங்களிற் கப்பல் கட்டிப் படை திரட்டினான் எனக் கூறுகின்றது. அம்முயற்சியை முறியடிக்கச் சோழர் தரப்பினர் படை அனுப்பினர். ஒரே மன்னன் ஆட்சியில் ஒரே துறை, வந்தோர்க்கு அடைக்கலமாகவும் போருக்குப் பாசறையாகவும் விளங்கிற்று. வரலாறு எழுதுவோர் இவ்விரண்டில் ஒன்றை மறைத்தல் நேர்மையாகாது.

இன்று அத்துறையில் இறங்குவோரின் கண்ணுக்கு முதலில் தெரிவது கோட்டையே. ஆனால், துறையின் பெருமையை உரைப்பது நயினாதீவுக் கல்லே. கோட்டை துறையைப் பிடித்தவர்களைக் காத்தது. கல்லில் எழுந்த சட்டமோ துறையை நாடி வந்தவர்களைக் காக்க முயன்றது. வந்தோர் நம்பித் தங்கும் துறையே வளரும் என்பதை அக்கல் இன்றும் அறிவுறுத்தி நிற்கின்றது.