பால்மரத்தின் வம்சாவளி

ஜொகூரின் ஆயர் ஹீத்தாமிலிருந்து தெற்கே செல்லும் பழைய நெடுஞ்சாலையில், சிம்பாங் ரெங்கத்தைச் சுற்றி இன்று செம்பனையும் அன்னாசியும் செழித்திருந்தாலும், விடியுமுன்னே நிரைக்குப் போய்ப் பால் வெட்டிய தமிழ்க் குடும்பங்களின் நினைவில் அப்பிரதேசம் ரப்பர்க் காடாகவே நிற்கிறது. அந்தப் பால்மரங்களின் வம்சாவளியை விசாரிக்கப் புகுந்தால், ஜீவராசிகளுக்கெல்லாம் பொது மூதாதையர் உண்டென்னும் சித்தாந்தம் பிறந்த சரித்திரத்துக்கே போய்ச் சேருகிறோம்.

1854 ஏப்ரலில் சிங்கப்பூரில் வந்திறங்கிய ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ், செல்வமோ பட்டமோ இல்லாதவர். பறவைகளையும் வண்டுகளையும் சேகரித்து விற்று ஜீவனம் நடத்தியவர். அவ்வாண்டிலேயே அவர், இன்று ஜொகூர் மாநிலத்தில் நிற்கும் லேடாங் மலையில் ஏறினார். மறு ஆண்டு பிப்ரவரியில், சரவாக் ஆற்றின் முகத்துவாரத்தில், மழைக்காலத் தனிமையில் அவர் எழுதிய கட்டுரை, ஒவ்வோர் இனமும் தனக்கு முன்பிருந்த நெருங்கிய உறவினத்தை இடத்தாலும் காலத்தாலும் ஒட்டியே தோன்றியது என்று துணிந்து கூறி, உயிர்களின் உறவைக் கிளைவிடும் மரமாகக் காட்டியது. இயற்கைத் தேர்வு பற்றி அவர் 1858-ல் டெர்னாத்தே தீவிலிருந்து டார்வினுக்கு அனுப்பிய கடிதத்தையே உலகம் பெரிதாகப் பேசுகிறது. எனக்கோ, பொது வம்சத்தை அச்சமின்றிச் சொன்ன சரவாக் கட்டுரையே அதனினும் மதிக்கத்தக்கதாகத் தோன்றுகிறது.

1858 ஜூலை 1 அன்று லண்டன் லின்னேயன் சங்கத்தில் டார்வினுடைய குறிப்புகளும் வாலஸ் அக்கடிதத்தோடு அனுப்பிய கட்டுரையும் சேர்ந்து வாசிக்கப்பட ஏற்பாடு செய்த இருவருள் ஒருவர், தாவர சாஸ்திரியான ஜோசப் ஹூக்கர். பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின், 1876-ல், ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகள் இங்கிலாந்தின் கியூ தாவரத் தோட்டத்தை அடைந்தபோது, அத்தோட்டத்தின் தலைவராக இருந்தவரும் அதே ஹூக்கர்தாம். அவற்றுள் முளைத்தவை மிகச் சில. 1877-ல் சிங்கப்பூருக்கு வந்தவை 22 கன்றுகளே. மலாயாவின் பால்மரங்களில் மிகப் பெரும்பாலானவை விக்கம் கொணர்ந்த விதைகளின் சந்ததியே. ஆகவே நம் முன்னோர் வெட்டிய மரங்களிற் பெரும்பாலானவை ஒன்றுக்கொன்று உடன்பிறப்பும் ஒன்றுவிட்ட உறவுமாகவே நின்றன.

இது ஓரினத்துக்குள் அடங்கிய சிறு உதாரணமே என்பது மெய். ஆயினும், இயற்கைத் தேர்வை விளக்கிய தம் நூலின் முதல் அத்தியாயத்தை வளர்ப்புப் பிராணிகளையும் பயிர்களையும் கொண்டே டார்வின் தொடங்கியதன் காரணம் தோட்டத்திலே விளங்கும். மிகுதியாகப் பால் சுரந்த மரங்களைத் தேர்ந்து, ஒட்டுக்கட்டி, கலப்புச் செய்து ஆராய்ச்சியாளர்கள் உண்டாக்கிய ஆர்.ஆர்.ஐ.எம். 600 போன்ற வகைகள், விதையிலிருந்து தானே வளர்ந்த பழைய மரங்களைவிடப் பன்மடங்கு பால் தந்தன. மனிதனின் தேர்வு சில தலைமுறைகளில் இவ்வளவு செய்யுமானால், இயற்கையின் தேர்வு கோடிக்கணக்கான ஆண்டுகளில் என்ன செய்யாது?

ஒரே குலத்தில் பிறந்ததன் கேடும் உண்டு. பிரேசிலில் மோட்டார் கார் அதிபர் போர்டு நிறுவிய தோட்டங்களைப் பாழ்படுத்திய தென்னமெரிக்க இலைக்கருகல் நோய் இங்கு நுழையுமாயின், எதிர்ப்புச் சக்தியில் வேற்றுமை குறைந்த இம்மரங்களுக்குப் பேராபத்து. அதனாலேயே 1981-ல் சர்வதேச ஆராய்ச்சிக் குழுவொன்று அமேசான் வனத்துக்குச் சென்று புதிய காட்டு விதைகளைத் திரட்டியது.

ஜொகூரின் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம்: டார்வினின் பெயரைச் சொல்லும்போதே வாலஸின் பெயரையும் சொல்லுங்கள்; அவர் ஏறிய லேடாங் மலைக்கு ஒருமுறையேனும் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள்.